பழக்காத கம்பிகள்

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பது, கல்யாண வீட்டில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அது ஒழுங்காக நடக்கிறவரை ஒருவருக்கும் உங்கள் ஞாபகம் வராது.

என்னைப்போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு விரல்நுனி காய்த்துப்போன சகபாவிகளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டினால் இரண்டு தொல்லைகள். முதலாவது, சுருதி நிற்காது. இழுத்துக் கட்டிய கம்பி தானாகத் தளர்ந்துகொண்டே போகும், பாட்டுக்குப் பாட்டு முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது சத்தம். 'தும் தும்' என்று நெஞ்சுக்குள் இறங்க வேண்டிய வாத்தியம் 'கிணுங் கிணுங்' என்று தகரமாக அலறும். விரலின் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கம்பி கொஞ்சம் மங்கினால்தான் வழிக்கு வரும். அதனால் எந்தத் திருவிழாவானாலும் சில நாள் முன்பே புதுக் கம்பியை மாட்டி, இழுத்து, நீவி, ஓயாமல் வாசித்து வைப்போம். அதற்குக் கம்பியைப் பழக்குவது என்று பெயர். எண்பதுகளில் தருமபுரிப் பக்கம் இந்தப் பாடெல்லாம் நான் பட்டேன்.

டைப் இன்ஸ்டிடியூட்டில் கிணுகிணுப்பு

என் பெயர் மாதையன். பகலில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஸ்டிடியூட்டுக்கு விடுமுறை. அன்று அங்கேயே எங்கள் குழுவுக்கு ஒத்திகை. மற்ற நாட்களில் ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு தொடங்கும் இடைவெளியில் கதவைச் சாத்திக்கொண்டு கம்பி பழக்குவேன். ஒவ்வொரு கம்பியையும் விரலால் தூக்கி இழுப்பேன், தளரும், முறுக்குவேன், மறுபடி இழுப்பேன். அடிக்கம்பியை ஒரு தட்டு தட்டினால் வரிசையாக மூடி வைத்திருக்கும் டைப் மிஷின்கள் எல்லாம் கூடவே கிலுகிலுக்கும்.

அப்படி ஒருநாள் இழுத்துக்கொண்டிருந்தபோது, மனு டைப் அடிக்க வேண்டும் என்று பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். பேப்பரை மிஷினில் செருகுவதற்குள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று விசாரித்தார். பெங்களூரிலிருந்து சொல்லி வைத்து வரவழைத்த கம்பி, யானை விலை, இதைப் பழக்கினால்தான் நல்ல சத்தம் வரும் என்று பெருமையாகவே சொன்னேன். அவர் கிதாரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டார்:

"ஏனுங்க, புதுசு வாங்கியாந்து இத்தன பாடுபட்டுப் பழசு மாதிரி ஆக்கறதுக்கு, பழசையே வச்சிருந்தா ஆவாதுங்களா?"

ஆளுக்கொரு சுருதி

எங்கள் குழுவின் பாடகர் லூர்துசாமி அண்ணன். பாப்பாரப்பட்டியில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. மிஷின் வாயில் நெல்லைக் கொட்டுவதும் அரிசி மூட்டையைத் தூக்கி அடுக்குவதும்தான் பகல் முழுக்க. மிஷின் போடுகிற இரைச்சலுக்கு மேலே பாடிப் பாடியே அவருக்குத் தொண்டை திறந்தது என்பார்கள். ஞாயிறு காலையில் சர்ச்சில் பாடிவிட்டு நேராக ஒத்திகைக்கு வருவார். மைக்கைக் கையில் எடுத்தாரானால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றில் கைவைக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது பொய்யில்லை, நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவர், பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கல்யாண வரவேற்பில், முதல் பாட்டையே சுருதி தள்ளி எடுத்தார். கீபோர்டு வாசிக்கும் சண்முகம் மாஸ்டர்தான் குழுவுக்குச் சொந்தக்காரர். அவர் ஒன்றும் நடக்காதது போலப் பாடகரின் சுருதிக்குத் தாவிக்கொண்டார். அடுத்த பாட்டிலும் அதேதான். ஜலதோஷமாக இருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டோம். விடைபெறும்போது பெண்ணின் மாமா தாம்பூலப் பை கொடுத்துவிட்டு, யார் மனமும் புண்படக் கூடாது என்கிற குரலில் சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. என்னா, நீங்க ஒரு பாட்டு வாசிச்சீங்க, அவரு ஒரு பாட்டு பாடினாரு, அவ்வளவுதாங்க."

மேடையில் மட்டும் ஒரு பெயர்

மனசு கேட்காமல் ஒருநாள் மில்லுக்கே போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. மத்தியானம் மிஷினை நிறுத்தினார்கள். மில்லே சாமி சன்னதி மாதிரி அமைதியாகிவிட்டது. மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் திடுக்கிட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்து சொன்னார். காது நரம்பு போய்க்கொண்டிருக்கிறதாம்; இரைச்சலிலேயே இருந்ததால் வந்ததாம்; இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கிட்டே நின்று முகம் பார்த்துப் பேசினால் பேச்சு பிடிபடுகிறது. மேடையில் கீபோர்டு என்ன வாசிக்கிறது என்று மட்டும் பிடிபடுவதே இல்லை. அவர் சம்சாரத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மாஸ்டருக்குத் தெரிந்தால் சேலத்திலிருந்து வேறு பாடகரைக் கூட்டி வந்துவிடுவார், சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டை விட்டாலும் மில் வேலை இருக்கிறதே என்று நான் ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மில்லுல என்னய 'ஏய்'னுதான் கூப்புடுவாங்க. மேடையில ஏறினாத்தான் தம்பி எனக்குப் பேரே இருக்குது."

மாதா கோவில் திருவிழா

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாதா கோவில் திருவிழா. புறப்படுகிற அன்று காலை ஒத்திகையில் என் கிதாரின் அடிக்கம்பி பட்டென்று அறுந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் அது தனியாகக் கத்தும் என்பதால் நான்கையும் புதிதாக மாட்டினேன். பழக்க நேரமில்லை. வேனில் போகும்போதே இழுத்துக்கொண்டு போனேன். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு தேரோடும் வீதி முழுக்க நடக்கப்போகிறவனின் நிலைமை எனக்கு.

நினைத்தபடியே சத்தம் கன்னாபின்னாவென்று வந்தது. மாஸ்டர் கீபோர்டுக்கு மேலாக என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். ஆனால் லூர்துசாமி அண்ணன் பாட்டை எடுத்தார் பாருங்கள், கோடு போட்டாற்போலச் சுருதியில் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பாடகர் கேட்பதற்கென்று தனி ஸ்பீக்கரெல்லாம் எங்களிடம் அப்போது கிடையாது. குழாய் ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேடையிலேயே சத்தம் போடுகிற ஒரே பெட்டி என் கிதாருடையது. அதன் பக்கத்தில்தான் அவர் நிற்பார். இத்தனை நாளும் என் பழைய கம்பியின் மந்தமான சத்தம் அவருக்கு வெறும் அதிர்வாகத்தான் எட்டியிருக்கிறது. புதுக் கம்பியின் கணீர் சத்தத்தில்தான் சுரம் பிரிந்து தெரிந்திருக்கிறது. இறங்கி வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இன்னிக்குத்தான் தம்பி உன் கிதாரு என்னா பேசுதுன்னு எனக்கு வெளங்குச்சு."

வெந்நீர் வைத்தியம்

சரி, பழக்காமலே விட்டுவிடலாம் என்றால் அதுவும் முடியாது. அதே திருவிழாவில் ஒரு பாட்டின் நடுவே என் கம்பி தளர்ந்தது; கூடவே அவர் குரலும் இறங்கியது. என்னைப் பிடித்துக்கொண்டுதானே அவர் நடக்கிறார். ஆகவே கம்பி இழுபட்டுச் சுருதி நிற்கவும் வேண்டும், அழுக்கேறி மங்கவும் கூடாது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் பழைய வேட்டிக் கிழிசலால் துடைத்தேன். அப்படியும் மங்கத்தான் செய்தது. மாதாமாதம் புதுக் கம்பிக்கு நான் எங்கே போவேன்? மங்கிய கம்பியைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தால் அழுக்கு கழன்று மறுபடி கத்தும் என்று பெங்களூர் வாத்தியக்காரர் ஒருவர் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் அதற்குத் தோதான பாத்திரம் களி கிண்டுகிற குண்டான் ஒன்றுதான். என் மனைவி சரோஜா பெரிய யுத்தமே நடத்தினாள். அண்ணனின் காது விஷயத்தைச் சொன்னதும் குண்டானை எடுத்துக் கொடுத்துவிட்டு, தனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டாள். கொதித்த கம்பிகளைத் துடைத்துத் துணிக்கொடியில் தொங்கவிடுவோம். கொடியில் என் பனியனும் சட்டையும் காய்வதற்கு நடுவே நான்கு கம்பிகள் வெயிலில் மினுக்கும். களிக் குண்டானில் கம்பி கொதிப்பதையும் கொடியில் அது காய்வதையும் பக்கத்து வீட்டு அம்மாள் சில நாள் பார்த்தார். கடைசியில் பொறுக்க மாட்டாமல் சரோஜாவிடம் கேட்டார்:

"ஏம்மா, உங்க வூட்டுக்காரருக்கு டாக்டரு எதாச்சும் பத்தியம் சொல்லியிருக்காரா?"

சத்தம் சரியில்லை

கொதித்த கம்பி மாட்டிய பேஸ் கிதாரை யாருக்கும் பிடிக்கவில்லை. டிரம்ஸ்காரர் முகத்தைச் சுளித்தார். முன்வரிசையில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தவர்கள் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மாஸ்டர் முதலில் நயமாகச் சொன்னார், பிறகு கத்தினார். உனக்கு என்ன கேடு, நன்றாக வாசித்துக்கொண்டிருந்தவன்தானே, ஏன் கம்பியைப் பழக்குவதில்லை என்றார். எனக்குப் பதில் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது. இப்போது இப்படி வாசிப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அசட்டுத்தனமாக ஏதோ உளறினேன்.

எனக்கும் ரோஷம் இல்லாமல் இல்லை. வாசிப்பில் எனக்கிருந்த கொஞ்சநஞ்சப் பேரும் போய்க்கொண்டிருந்தது, வலிக்கத்தான் செய்தது. ஒரு நிகழ்ச்சியில் மைக்செட்காரர் என் பெட்டியின் திருகுகளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முடியாமல், இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னையே கேட்டார்:

"சார், நீங்க கிதாரு வாசிக்கறீங்களா, இல்ல, பாத்திரம் வெளக்கறீங்களா?"

பாப்பாரப்பட்டியில் போர்த்திய சால்வை

மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பாப்பாரப்பட்டி அம்மன் பண்டிகைக்குப் போகும் முன், சேலத்து நண்பர் ஒருவரிடமிருந்து நன்றாகப் பழகிய கம்பி செட் ஒன்றை வாங்கி வந்து, தன் கையாலேயே என் கிதாரில் மாட்டினார். மாட்டேன் என்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். லூர்துசாமி அண்ணனைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது சொந்த ஊர், மில் முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அண்ணன், உன் விரலைப் பார்த்துக்கொள்கிறேன், கிதார் கழுத்தில் எந்தக் கட்டையில் வைக்கிறாய் என்று பார்த்தாலே சுரம் எனக்குத் தெரியும் என்றார். அப்படியே பாடவும் செய்தார். என் இடது கையை விட்டுக் கண்ணை எடுக்காமல், சில பாட்டுகள் பழுதில்லாமல் போயின.

பாட்டின் நடுவே மேடையேறிச் சால்வை போர்த்துவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். மில் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். தன் ஆள் பாடுகிறான் என்று சால்வையோடு ஏறி வந்து, அவரைத் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்திப் போர்த்தினார். முதுகு என் பக்கம் திரும்பிவிட்டது. குரல் கண் கட்டிவிட்டாற்போல அலைந்தது. கூட்டத்தில் விசில் அடித்தார்கள், சிரித்தார்கள். சால்வையும் தோளுமாக அவர் பதறித் திரும்பி என் விரலைத் தேடியதை மாஸ்டர் பார்த்துவிட்டார். நிகழ்ச்சி முடிந்து வேனில் சாமான் ஏற்றும்போது என் பக்கத்தில் வந்து நின்றார். சத்தமே வராமல் சொன்னார்:

"அவன் உன் வெரலப் பாத்துப் பாடறான்யா. அந்தப் பழைய கம்பியக் கழட்டிக் கெணத்துல போடு."

பெங்களூர் வழக்கம்

அதற்கப்புறம் மாஸ்டரே மாறிவிட்டார். தெரிந்ததாக லூர்துசாமி அண்ணனிடம் காட்டிக்கொள்ளவில்லை. காலை ரயிலில் பெங்களூர் போகிற யாரையும் விடமாட்டார், கம்பி வாங்கி வரச் சொல்வார். ஒத்திகையில் என் பெட்டியைத் தானே தூக்கிப் பாடகர் பக்கம் நகர்த்தி வைப்பார். டிரம்ஸ்காரர் மறுபடி முகத்தைச் சுளித்தபோது, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று எரிந்து விழுந்தார். சால்வை போர்த்த வருகிறவர்களை வழிமறித்து, பாட்டு முடிந்ததும் போர்த்தலாம் என்று கெஞ்சுவார். அப்படி நாங்கள் இரண்டு பண்டிகைக் காலங்களைக் கடந்தோம். லூர்துசாமி அண்ணன் பழையபடி பாடினார். பாட்டு முடிந்து கைதட்டும்போது அவர் கூட்டத்தின் கைகளைப் பார்ப்பார், பிறகுதான் கும்பிடுவார்.

குறை சொல்பவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு கோவில் கமிட்டித் தலைவர், கிதார்காரரை மாற்றினால்தான் அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாஸ்டர் கொஞ்சமும் அசராமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"பெங்களூருல இப்ப எல்லாருமே இப்படித்தாங்க வாசிக்கறாங்க. நம்மூருக்கு வந்து சேரக் கொஞ்ச நாளாவும், நீங்க பொறுத்துக்கோணும்."

ஒரு ஞாயிறு ஒத்திகை

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு. பெங்களூரிலிருந்து வந்த புத்தம் புதுக் கம்பிகளை அன்றுதான் மாட்டியிருந்தேன். துணி சுற்றி இழுத்து, துடைத்து, சுருதி கூட்டி வைத்திருந்தேன். தட்டினால் சுவர் அதிர்ந்தது. டைப் மிஷின்கள் எல்லாம் ஒருசேரக் கிலுகிலுத்தன. இவ்வளவு கணீரென்று என் கிதார் அதற்கு முன்பு ஒலித்ததில்லை.

லூர்துசாமி அண்ணன் வழக்கம்போலப் பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முன்னிசையை வாசித்தேன். அவர் எடுக்க வேண்டிய இடம் வந்து, போய்விட்டது. சரி, தவறவிட்டுவிட்டார் என்று மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். மாஸ்டர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்போது லூர்துசாமி அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசித்துக்கொண்டே இருந்தேன், நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் மெல்ல என் பக்கம் திரும்பிச் சிரித்த முகமாகக் கேட்டார்:

"என்னா தம்பி, இன்னும் ஆரம்பிக்கலயா?"

லூர்துசாமி அண்ணன் சொன்னது

என் கை ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் அவர் பார்த்தார். மைக்கைப் பதனமாக மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு டைப் மிஷினுக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மாஸ்டர் பேப்பரை எடுத்துப் பெரிய எழுத்தில், நீ எங்கேயும் போக வேண்டாம், குழுவிலேயே இரு என்று எழுதிக் காட்டினார். லூர்துசாமி அண்ணன் படித்தார், மாஸ்டரைக் கும்பிட்டார், வேண்டாம் என்று தலையாட்டினார். இனி நாங்கள் வாயால் சொன்னால்தான் என்ன, அவருக்குக் கேட்கப்போவதில்லை.

நான் பழக்கதோஷத்தில் வேட்டிக் கிழிசலை எடுத்துக் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து அந்தத் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன உள்ளங்கையால் நான்கு கம்பிகளையும் மேலிருந்து கீழாக அழுத்தி ஒருமுறை நீவினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இனிமே பழக்கிடு தம்பி. அடுத்து வந்து பாடறவனுக்குக் காது நல்லாருக்கும்."

அதன் பிறகு என் பேஸ் கிதாரின் சத்தம் எவ்வளவு இதம் என்று போன ஊரிலெல்லாம் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் அந்த இதம் கடைசிவரை பிடிக்கவேயில்லை.